சி.ஏ. இன்டருக்கு எப்படிப் படிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரு சின்ன ஆடிட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கிளையண்டுகளின் பிள்ளைகள், ஆர்ட்டிகிள்ஸின் (ஆபீஸில் பயிற்சி பெறும் சி.ஏ. மாணவர்களின்) தம்பி தங்கைகள், என் அத்தை மகள் என்று யார் போன் செய்தாலும் சி.ஏ. படிப்பின் இரண்டாம் கட்டமான இன்டர் பற்றிக் கேட்பது அதே பதினைந்து இருபது கேள்விதான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நான் ரேங்க் ஹோல்டர் கிடையாது. முதல் குரூப்பை மூன்றாவது அட்டெம்ப்டில் தாண்டியவள். எதைச் செய்யக்கூடாது என்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

அக்கா, மொத்தம் எத்தனை பேப்பர்? எவ்வளவு எடுத்தா பாஸ்?

2023-இல் வந்த புதிய பாடத்திட்டப்படி ஆறு பேப்பர், இரண்டு குரூப். முதல் குரூப்பில் அட்வான்ஸ்டு அக்கவுண்டிங், லா, டாக்ஸ். இரண்டாவதில் காஸ்டிங், ஆடிட்டிங், எஃப்.எம்.–எஸ்.எம். (நிதி மேலாண்மையும் உத்தி மேலாண்மையும்). ஒவ்வொன்றும் 100 மார்க், மூன்று மணி நேரம். அதில் 30 மார்க் எம்.சி.க்யூ (கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது), 70 மார்க் எழுதுவது. ஒவ்வொரு பேப்பரிலும் 40 வேண்டும். அதோடு குரூப் மொத்தத்தில் பாதி, அதாவது 300-க்கு 150 வேண்டும்.

இந்த இரண்டாவது நிபந்தனைதான் ஆளைக் கவிழ்க்கும். நான் எழுதிய காலத்தில் முதல் குரூப்பில் காஸ்டிங்கும் சேர்த்து நான்கு பேப்பர், 400-க்கு 200 எடுக்க வேண்டும். முதல் தடவை எல்லாப் பேப்பரிலும் 40 தாண்டினேன். மொத்தம் 193. அந்த ஏழு மார்க் எங்கே போனது என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கணும்? என் ஃபிரெண்டு பதினாலு மணி நேரம்னு சொல்றான்.

பதினாலு மணி நேரம் நாற்காலியில் உட்காரலாம், படிக்க முடியாது. முழு நேரமும் இதற்கே ஒதுக்கியவர் என்றால் எட்டு மணி நேரம் தாராளம், ஆனால் அதில் பாதி நேரமாவது கையில் பேனா ஓட வேண்டும். வீடியோ பார்த்தது, கோடு போட்டது, டைம்டேபிளுக்குக் கலர் அடித்தது எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தால்தான் பதினாலு வரும்.

நான் ஜூனியர்களிடம் இரவில் கேட்பது ஒன்றுதான். இன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்ன எழுதினாய்? மூன்று கணக்கும் இரண்டு லா கேள்வியும் என்று பதில் வந்தால் சரி. 'ரெண்டு சாப்டர் முடிச்சேன்' என்று வந்தால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

நாலு தடவை ரீடிங் விட்டுட்டேன், ஹால்ல உட்கார்ந்தா ஒண்ணும் ஞாபகம் வரமாட்டேங்குது. எனக்கு மெமரி பவர் கம்மியா?

இல்லை. நாலு தடவை பார்த்த பக்கம் பழகிய முகம் மாதிரி ஆகிவிடும். தெருவில் பார்த்தால் தெரிகிறது, பேரைக் கேட்டால் வராது. பரீட்சையில் கேட்பது பேரைத்தான்.

இதை அழகாகச் சோதித்துக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதையே திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னே. இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். படித்து முடித்ததும் 'எல்லாம் வந்துடுச்சு' என்று நமக்குத் தோன்றுவது அந்த ஐந்து நிமிடக் கணக்கு. பரீட்சை அந்த ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

அப்போ எப்படித்தான் படிக்கிறது? ஒரு உதாரணம் சொல்லுங்க.

கம்பெனி சட்டத்தில் 96-ஆவது பிரிவை எடுத்துக்கொள். ஆண்டுப் பொதுக்கூட்டம் பற்றியது. ஒரு தடவை நிதானமாகப் படி, புரிந்துகொள், புத்தகத்தை மூடு. வெள்ளைத்தாள் ஒன்றில் நினைவில் இருப்பதை எழுது. அநேகமாக இவ்வளவு வரும்: நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் கூட்டம், இரண்டு கூட்டத்துக்கு நடுவே பதினைந்து மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது, ரெஜிஸ்ட்ரார் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம்.

இப்போது புத்தகத்தைத் திறந்து சிவப்பு மையில் விட்டதை எழுது. முதல் கூட்டத்துக்கு ஒன்பது மாதம். அந்த மூன்று மாத நீட்டிப்பு முதல் கூட்டத்துக்குக் கிடையாது. ஒரு நபர் கம்பெனிக்கு இந்தக் கூட்டமே வேண்டாம். காலை 9-லிருந்து மாலை 6-க்குள், தேசிய விடுமுறை இல்லாத நாளில் நடக்க வேண்டும். கேள்வித்தாள் தயாரிப்பவர் கை வைப்பது இந்தச் சிவப்பு வரிகளில்தான். முதல் கூட்டத்துக்கு நீட்டிப்புக் கேட்டு ஒரு கம்பெனி விண்ணப்பித்தது என்று கேஸ் வரும், நாலு தடவை படித்தவர் 'மூன்று மாதம் கிடைக்கும்' என்று எழுதிவிட்டு வருவார்.

தாளைத் தூக்கிப் போடாதே. அடுத்த தடவை அந்தப் பிரிவுக்கு வரும்போது முதலில் சிவப்பு வரிகளைப் பார்த்தால் போதும்.

ஹைலைட்டர் யூஸ் பண்ணலாமா?

பண்ணலாம், கெடுதல் இல்லை. ஆனால் அதைப் படிப்பு என்று கணக்கு வைக்காதே. 2013-இல் டன்லாஸ்கி என்பவரும் கூட்டாளிகளும் பத்துவிதப் படிப்பு முறைகளை அலசி ஒரு கட்டுரை எழுதினார்கள். கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் அடிமட்டத்தில் நின்றன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே நின்றன. என் பழைய லா புத்தகம் முழுக்க மஞ்சள் குளித்திருக்கும். மார்க் 43.

சார் போர்டுல போடும்போது எல்லாம் புரியுது. நானே போட்டா வரலை. ஏன்?

சார் போடும்போது அடுத்த அடி எது என்று முடிவு செய்வது சார். நீ தலையாட்டுகிறாய், அவ்வளவுதான். கணக்கில் கஷ்டமே அந்த முடிவில்தான் இருக்கிறது, கூட்டல் கழித்தலில் இல்லை.

ஒரு சின்ன ப்ராசஸ் காஸ்டிங் கணக்கைப் பார். 1,000 கிலோ உள்ளே போகிறது, மொத்தச் செலவு 19,200 ரூபாய். நார்மல் லாஸ் (வழக்கமாக வீணாவது) 10 சதவீதம், ஸ்கிராப் கிலோ 12 ரூபாய்க்குப் போகும். வெளியே வந்தது 880 கிலோ. கிலோ என்ன விலை? நார்மல் லாஸ் 100 கிலோவின் ஸ்கிராப் 1,200 ரூபாயைக் கழித்தால் 18,000. அதை 900-ஆல் வகுத்தால் 20 ரூபாய். அப்நார்மல் லாஸ் (அதற்கு மேல் வீணானது) 20 கிலோ, 400 ரூபாய். அதன் ஸ்கிராப் 240 போக 160 ரூபாய் லாப நட்டக் கணக்குக்குப் போகிறது. படிக்கும்போது எவ்வளவு சுலபம்! பார்க்காமல் போடச் சொன்னால் பாதிப் பேர் 880-ஆல் வகுப்பார்கள், சிலர் ஸ்கிராப்பைக் கழிக்க மறப்பார்கள். அந்த இடத்தில் ஒரு தடவை தடுக்கி விழுந்தால்தான் 900 ஏன் என்பது மண்டையில் ஏறும்.

ஆகவே வகுப்பில் போட்ட அதே கணக்கை அன்று மாலையே கேள்வியை மட்டும் பார்த்துப் போட வேண்டும். மாட்டிக்கொண்டால் உடனே விடையைப் பார்க்காதே. பத்து நிமிடம் முட்டிப்பார். அப்புறமும் வரவில்லை என்றால் ஒரு வரி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடு.

கோச்சிங் கிளாஸ் கட்டாயமா? ஆன்லைன்ல 2எக்ஸ்ல பார்த்தா போதுமா?

கட்டாயம் என்று எந்த விதியும் இல்லை. பி.காம் அடிப்படை நன்றாக இருப்பவர்கள் லா, ஆடிட்டிங் இரண்டையும் ஐ.சி.ஏ.ஐ. (சி.ஏ. தேர்வை நடத்தும் நிறுவனம்) தரும் மெட்டீரியலை வைத்தே படித்துவிடலாம். அக்கவுண்ட்ஸ், காஸ்டிங், டாக்ஸ் மூன்றுக்கும் யாராவது சொல்லிக்கொடுத்தால் மாதக்கணக்கில் நேரம் மிச்சம்.

வேகம் உன் இஷ்டம். ஆனால் ஒரு மணி நேர வீடியோவுக்கு ஒரு மணி நேரம் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு நேரம் இல்லை என்றால் வீடியோவைக் குறை. 300 மணி நேர வகுப்பை முடித்துவிட்டு, பரீட்சைக்கு இருபது நாள் இருக்கும்போது முதல் கணக்கைப் போட உட்காருகிறவர்களை ஒவ்வொரு அட்டெம்ப்டிலும் பார்க்கிறேன்.

சொந்தமா நோட்ஸ் எடுக்கணுமா?

புத்தகத்தைப் பார்த்துக் காப்பி அடிப்பது என்றால் வேண்டாம். மேலே சொன்ன சிவப்பு மைத் தாள்களே உன் நோட்ஸ். அதோடு ஒரு பிழை நோட்டு வைத்துக்கொள், அறுபது பக்கம் போதும். கணக்கில் தப்பு வந்தால் ஒரே வரி: 'அப்நார்மல் லாஸ்: 880-ஆல் வகுத்துவிட்டேன், 900.' தேதி போடு. பரீட்சைக்கு முந்தின நாள் அந்த நோட்டைவிட உபயோகமான புத்தகம் கடையில் கிடைக்காது.

எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை ரிவிஷன் பண்றது?

படித்த மறுநாள், ஒரு வாரம் கழித்து, பிறகு மூன்று நாலு வாரம் கழித்து. நாள் முன்னே பின்னே ஆனால் குடி முழுகாது. கொஞ்சம் மறந்த பிறகு திரும்பப் பிடிப்பதில்தான் பலன். நன்றாக நினைவில் இருக்கும்போதே மறுபடி பார்ப்பது மனதுக்கு இதமாக இருக்கும், மற்றபடி நேரம் வீண். ரிவிஷன் என்றால் வாசிப்பது இல்லை, அதே வெள்ளைத்தாள் வேலைதான்.

ஒரு சப்ஜெக்ட்டை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போகவா, இல்ல ரெண்டு மூணு சேர்த்தா?

ஒரு தியரி, ஒரு கணக்கு என்று இரண்டு. காலையில் காஸ்டிங், மாலையில் லா. ஒரே சப்ஜெக்ட்டை நாற்பது நாள் இழுத்தால், அடுத்ததை முடித்துவிட்டுத் திரும்பும்போது முதலாவது ஊரைவிட்டே போயிருக்கும்.

இன்னொன்று, யாரும் செய்யாதது. நாலு சாப்டர் முடிந்ததும் கணக்குகளைக் கலந்து போடு. சாப்டர் கடைசியில் இருக்கும் கணக்கைப் போடும்போது இது என்ன வகை என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. பரீட்சையில் தலைப்பு இருக்காது. கலந்து போட்டால் முதல் வாரம் தப்பாக வந்து எரிச்சலாக இருக்கும். விடாதே.

நான் ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். லா ஆன்சர் இங்கிலீஷ்ல எழுத வரலை. என்ன செய்ய?

தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழுக்கு வழி இல்லை. இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் கோபம் உண்டு, ஆனால் அடுத்த அட்டெம்ப்டுக்குள் அது மாறப்போவதில்லை.

புரிந்துகொள்வதைத் தமிழில் வைத்துக்கொள். அம்மாவிடமோ தங்கையிடமோ தமிழில் சொல்லிப் பார். அவர்களுக்குப் புரிந்தால் உனக்குப் புரிந்திருக்கிறது. எழுதுவது மட்டும் ஆங்கிலம். அதற்கு இலக்கியத் தரம் தேவையில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஐந்தாறு சொற்கள் அப்படியே வர வேண்டும். 'ஷால்' என்றால் செய்தே ஆக வேண்டும், 'மே' என்றால் செய்யலாம். அதை மாற்றி எழுதினால் விடையே தலைகீழ். ஏ.எஸ். 2 என்ற கணக்கியல் தரத்தில் சரக்கு மதிப்பு 'காஸ்ட், நெட் ரியலைசபிள் வேல்யூ, இரண்டில் எது குறைவோ அது'. அந்தச் சொல்லைத் தப்பில்லாமல் எழுதினால் சுற்றியிருக்கும் வாக்கியம் எளிமையாக இருந்தாலும் மார்க் வரும். தினம் இரண்டு விடை எழுது, மூன்று மாதத்தில் கை பழகிவிடும்.

செக்ஷன் நம்பர் எல்லாம் மனப்பாடம் பண்ணணுமா?

முக்கியமான முப்பது நாற்பது தெரிந்தால் நல்லது. உறுதியாகத் தெரியாவிட்டால் எண்ணைப் போடாமல் 'கம்பெனிகள் சட்டம், 2013-இன்படி' என்று தொடங்கு. தப்பான எண் போடுவதைவிட அது மேல்.

எண்ணைவிட முக்கியம் விடையின் அமைப்பு. முதலில் சட்டம் என்ன சொல்கிறது, அடுத்து இந்தக் கேஸில் என்ன நடந்தது, கடைசியில் முடிவு. பலர் நேராக முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். முடிவு சரியாக இருந்தாலும் அதற்குக் கிடைப்பது ஒரு மார்க்கோ என்னவோ.

மெட்டீரியல், ஆர்.டி.பி., எம்.டி.பி., சார் புக், ரெஃபரன்ஸ் புக்... எதைப் படிக்க?

ஒரு சப்ஜெக்ட்டுக்கு ஒரு புத்தகம். அது சார் புத்தகமோ ஐ.சி.ஏ.ஐ. மெட்டீரியலோ, கடைசி வரை அதே. அதற்கு மேல் ஐ.சி.ஏ.ஐ. இலவசமாகக் கொடுக்கும் ஆர்.டி.பி. (ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்), எம்.டி.பி. (மாக் டெஸ்ட் பேப்பர்), பழைய கேள்விகளின் சஜஸ்டட் ஆன்சர்ஸ் (மாதிரி விடைகள்). இவற்றை வாசிக்காதே, போட்டுப் பார். சஜஸ்டட் ஆன்சரைத் திருத்துகிறவர் கண்ணோடு பார்த்தால் எந்த வொர்க்கிங் நோட் எழுத வேண்டும் என்பது பிடிபடும்.

சீனியர் அக்கா நோட்ஸ் ஃப்ரீயா குடுத்தாங்க. அதையே படிக்கட்டுமா?

காஸ்டிங், எஃப்.எம். என்றால் சந்தோஷமாக வாங்கிக்கொள். டாக்ஸ் என்றால் நன்றி சொல்லிவிட்டு அலமாரியில் வை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை, பிரிவு எண்களே வேறு. ஜி.எஸ்.டி.யில் 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் போய் 5, 18 என்று ஆகிவிட்டது. உன் அட்டெம்ப்டுக்கு எது பொருந்தும் என்பதை ஐ.சி.ஏ.ஐ. அறிவிப்பிலும் அந்த அட்டெம்ப்டின் ஆர்.டி.பி.யிலும் பார்.

மாக் டெஸ்ட் எப்போ ஆரம்பிக்கிறது? சிலபஸ் இன்னும் முடியலையே.

சிலபஸ் முடியும் வரை காத்திருந்தால் டெஸ்ட் வராது. முடிந்த சாப்டர்களில் 50 மார்க் எழுது. கடைசி ஒன்றரை மாதத்தில் பேப்பருக்குக் குறைந்தது இரண்டு முழு டெஸ்ட். இன்டர் பரீட்சை மதியம் 2 முதல் 5 வரை, எனவே அந்த நேரத்திலேயே எழுது. தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் குட்டித்தூக்கம் போட்டுப் பழகியவர்களுக்கு அந்த மூன்று மணி நேரம் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு எளிது. 180 நிமிடம், 100 மார்க். ஒரு மார்க்குக்கு 1.8 நிமிடம். 14 மார்க் கேள்விக்கு 25 நிமிடம். 25 ஆனதும் டேலி ஆகவில்லை என்றாலும் இடம் விட்டு அடுத்ததற்குப் போ. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லையே என்று நாற்பது நிமிடம் தேடுவது நம் வம்சத்து வியாதி.

எம்.சி.க்யூவுக்கு நெகட்டிவ் உண்டா?

இன்டரில் கிடையாது. முதல் கட்டமான ஃபவுண்டேஷனில் அப்ஜெக்டிவ் பேப்பர்களுக்கு உண்டு, அந்தப் பயத்தில் இங்கேயும் காலியாக விட்டுவிடாதீர்கள். தெரியாவிட்டாலும் ஒன்றைக் கறுப்பாக்கு.

ஒரு குரூப்பா, ரெண்டுமா?

இரண்டும் சேர்த்து எழுதினால் ஒரு சலுகை உண்டு. எல்லாப் பேப்பரிலும் 40 இருந்து, இரண்டு குரூப் மொத்தம் 600-க்கு 300 வந்தால், ஒரு குரூப்பில் 145-தான் என்றாலும் இரண்டும் பாஸ். ஆனால் இந்தச் சலுகையை நம்பி அரைகுறையாக ஆறு பேப்பர் எழுதாதே. ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருஷத்துக்கு மூன்று அட்டெம்ப்ட் இருக்கிறது. பரீட்சைக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது ஆறிலும் முதல் சுற்று முடிந்திருந்தால் இரண்டும் எழுது, இல்லாவிட்டால் ஒன்று.

பாஸ் ஆகலை, ஆனா ஒரு பேப்பர்ல 64. மத்த ரெண்டுலயும் 40 எடுத்தா போதுமா?

போதாது. குரூப்பின் எல்லாப் பேப்பரும் எழுதி, ஒன்றில் 60 அல்லது அதற்கு மேல் எடுத்தால் அடுத்த மூன்று அட்டெம்ப்டுக்கு அந்தப் பேப்பருக்கு எக்ஸம்ப்ஷன், அதாவது மறுபடி எழுத வேண்டாம். அந்த 64 மொத்தத்தில் சேரும். 150-க்கு இன்னும் 86 வேண்டும். 40-உம் 40-உம் 80-தான். ஆறு மார்க்கில் நிற்பாய். என் ஏழு ஞாபகம் இருக்கட்டும்.

ஃபெயில் ஆயிட்டேன். முதல்ல இருந்து எல்லாத்தையும் திரும்பப் படிக்கணுமா?

முதலில் அழுது முடி, இரண்டு நாள் போகட்டும். அப்புறம் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பி, முடிவு வந்த 30 நாளுக்குள் செய்ய வேண்டும். வந்ததும் பிழை நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார். தெரியாமல் போன மார்க் எவ்வளவு, தெரிந்தும் எழுதாமல் விட்டது எவ்வளவு, நேரம் இல்லாமல் போனது எவ்வளவு என்று மூன்றாகப் பிரி. முதல் வகைக்கு மட்டும்தான் திரும்பப் படிப்பது மருந்து. இரண்டாவதற்கு வெள்ளைத்தாள், மூன்றாவதற்கு மாக் டெஸ்ட்.

என்னுடையதில் லாவில் நாலு இடத்தில் முடிவு சரி, சட்டத்தை எழுதவே இல்லை. காஸ்டிங்கில் கடைசிக் கேள்வி 8 மார்க், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. அந்த நகல் இன்னும் ஆபீஸ் டிராயரில் இருக்கிறது. யாராவது நேரில் வந்து கேட்டால் அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டுவேன். கேள்வி எண், பாதி போட்ட டேபிள், அதன் கீழே முழுப் பக்கமும் காலி.